ரசத்துக்கு ஒரு வைன்

ஜனவரி 4, ஞாயிறு

அசிங்கத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நேற்று மாலை, இந்தப் புதுச்சேரியின் கௌரவமான மனிதர்கள் வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிய வைனை ஒரு கோப்பை நிறைய மொண்டு குடித்தேன். குடித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "அபாரம்" என்று சத்தமாகச் சொல்லியும் தொலைத்தேன்.

கடற்கரைப் பக்கம் மனோன்மணி அம்மாவுக்கு ஒரு பழைய பங்களா இருக்கிறது. அதை விருந்தினர் விடுதியாக்கி நடத்துகிறார். நான் பத்திரம் எழுதுகிறவன். ஊரில் எந்த வீடு யார் பேரில் இருக்கிறது என்பது அந்தந்த வீட்டு மனைவிமாருக்கு முன்னால் எனக்குத் தெரியும். போன மாதம் அந்த அம்மாவுக்கு ஒரு குத்தகைப் பத்திரம் சிக்கலில்லாமல் முடித்துக் கொடுத்தேன். அந்த நன்றியில், விடுதியில் நடந்த வைன் சுவைக்கும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார். போனேன். தாமதமாகத்தான் போனேன், ஏனென்றால் கால்சட்டை இடுப்புக்கு ஏற ஒத்துக்கொள்ளவில்லை.

உள்ளே போனால் மேசை நிறைய பாட்டில். ஒவ்வொருவரும் ஒரு மிடறு எடுத்து, விட்டத்தைப் பார்த்து, பிறகு மூலையிலிருந்த வெள்ளி வாளியின் மேல் பயபக்தியோடு குனிந்தார்கள். எனக்கு முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. கோப்பையில் மிஞ்சியதை வாளியில் ஊற்றுவதும் தெரிந்தது. நம் கல்யாண வீட்டில் மிஞ்சிய பாயசத்தை மறுபடி அண்டாவில் ஊற்றி அடுத்த பந்திக்கு வைப்பதில்லையா? அதுபோல என்று நினைத்தேன். அடுத்த பந்தி நான்.

"அபாரம்" என்று நான் சொன்ன அதே நொடியில் ஒரு டாக்டர் பக்கவாட்டில் திரும்பி வாளிக்குள் 'புளிச்' என்று துப்பினார். உண்மை எனக்கு விளங்கியது. பின்னாலிருந்து மனோன்மணி அம்மாவின் குரல்: "எது சார் அபாரம்?"

வாளியைக் காட்ட முடியுமா? பக்கத்தில் ஓரமாக, யாரும் தொடாமல், திருகு மூடியோடு கிடந்த ஒரு பாட்டிலைக் காட்டினேன். நாசிக் பக்கத்து வெள்ளை வைன், செனின் பிளாங்க் என்று போட்டிருந்தது. இருந்ததிலேயே மலிவு அதுதான். அந்த அம்மா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். இத்தனை பேர் பெரிய பேரைப் பார்த்து மயங்கி நிற்க, நீங்கள் ஒருத்தர்தான் நாக்கை நம்பினீர்கள் என்றார்.

அதற்குப் பிறகு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடினேனா? அவர் தன் விடுதியில் சனிக்கிழமைதோறும் இலைபோட்டுத் தமிழ்ச் சாப்பாடு, கூடவே அதற்குப் பொருந்திய வைன் என்று ஒரு விருந்து தொடங்க ஆசைப்படுகிறாராம். சமைக்க ஆள் தேடுகிறாராம். என் மனைவி இருக்கிறாள் என்றேன். வைன் தேர்ந்தெடுக்க? அதற்கு நான் இருக்கிறேன் என்றேன். வாளியில் இருந்தது என் வயிற்றுக்குள்ளிருந்து பேசியது.

ஒரே ஒரு முடிச்சு. பங்களாவில் பாதி அவருடைய தம்பி தேசிங்குவுக்குச் சொந்தம். அவர் பிரான்சில் போர்தோ ஊரில் முப்பது வருடம் வைன் வியாபாரம் செய்தவர். அடுத்த மாதம் வருகிறார். பிப்ரவரி 7 அன்று ஒரு பந்தி போட்டு அவர் தலையாட்டினால் சனிக்கிழமைகள் எங்களுக்கு. ஆட்டாவிட்டால் இல்லை.

ஜனவரி 5, திங்கள்

என் மனைவி மங்கையர்க்கரசியிடம் சொன்னேன். வாளியைத் தவிர மற்றதை எல்லாம் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டாள். பிறகு, நறுக்குவதை நிறுத்தாமல், "எத்தனை இலை?" என்றாள்.

அவளுக்கு இதில் பெரிய ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை. மகள் பெங்களூருக்குப் போனதிலிருந்து ஆழாக்கு அரிசி வடித்து, அதிலும் பாதியை ராத்திரி தண்ணீர் ஊற்றி வைக்கிறாள். அது பழகிவிட்டது என்றுதான் சொல்வாள். மதியம் பரண்மேலிருந்து பெரிய பித்தளை அண்டாவை இறக்கிப் புளிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்குத் தூசி படிந்திருந்தது என்றாள்.

ஜனவரி 8, வியாழன்

வைன் கடை. கடைக்காரர் பக்கிரிசாமி வைன்களை இரண்டு இனமாகப் பிரித்து வைத்திருக்கிறார்: தக்கை வைத்தது, திருகு மூடி போட்டது. தக்கை மாப்பிள்ளை வீட்டாருக்கு, திருகு மூடி நமக்கு. தரம் பார்க்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார். பாட்டிலைத் தலைகீழாக்கி அடியிலுள்ள குழிக்குள் கட்டைவிரலை விடுகிறார். விரல் எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு நல்ல சரக்காம். அவர் விரலோ குட்டையானது. எல்லாச் சரக்கும் அவருக்கு நல்ல சரக்குதான்.

நான் என் தொழில் அறிவை வைத்து யோசித்தேன். கடற்கரைச் சாலையில் ஒரு மனை, அதற்கு இரண்டு தெரு பின்னால் ஒரு மனை. அதே மண், அதே உப்புத் தண்ணீர். விலை மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாது. பணம் கொடுப்பது மண்ணுக்கு இல்லை, முகவரிக்கு. வைனிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். பேர்பெற்ற ஊர் பாட்டில்களை விட்டுவிட்டுப் பின்தெருக்காரர்களைத் தேடினேன். அடித்தட்டில், தூசிக்குள் இருந்தார்கள்: சிலி நாட்டுச் சிவப்பு ஒன்று, ரோஸே என்கிற நாசிக் இளஞ்சிவப்பு ஒன்று, நம்ம கம்பம் பன்னீர் திராட்சையில் செய்த இனிப்புச் சிவப்பு ஒன்று. கூடவே அந்தச் செனின். இந்தத் தட்டை இதுவரை யாரும் குனிந்து பார்த்ததில்லை சார் என்றார் பக்கிரிசாமி. குனிந்ததில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. கலைக்காக.

ஜனவரி 10, சனி

முதல் ஒத்திகை. ஆரம்பத்திலேயே தகராறு.

வெள்ளைக்காரன் தட்டில் ஒன்று முடிந்த பிறகுதான் இன்னொன்று வரும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வைன் வைக்க முடிகிறது. நம் இலையில் உப்பிலிருந்து அப்பளம்வரை எல்லாம் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கின்றன, கிராமசபைக் கூட்டம் மாதிரி. யாருக்கென்று வைன் ஊற்றுவது? ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வை என்று மங்கையிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒண்ணொண்ணா வெச்சா அதுக்குப் பேரு சாப்பாடு இல்லீங்க, ஆஸ்பத்திரி."

சோகத்தோடு சாப்பிட உட்கார்ந்தேன். பருப்பும் நெய்யும் விட்டாள். அது முடிந்ததும் சாம்பார். பிறகு குழம்பு. பிறகு ரசம். பாயசம். மோர். மோர் விடும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கறிகாய் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்த சொந்தக்காரர்கள். வரிசை சோற்றில் இருக்கிறது. சுற்றுக்கு ஒரு வைன். வெள்ளைக்காரன் கோர்ஸ் என்று சொல்வதை நாம் சோற்றில் பாத்தி கட்டி எப்போதோ வைத்துவிட்டோம். இதை மங்கையிடம் சொன்னபோது, இதைக் கண்டுபிடிக்கவா ஐம்பத்து மூன்று வயசு ஆச்சு என்றாள்.

பருப்பு, நெய், செனின்: பிரமாதம். நெய் நாக்கில் பூசுகிற கம்பளியை அந்த வைனின் புளிப்பு மெதுவாக உருவி எடுக்கிறது. பின்னால் கொஞ்சம் தேன். முதல் சுற்றுக் கிரயமாகி விட்டது.

ஜனவரி 11, ஞாயிறு

தலைவலி. வைனால் இல்லை. எதிர் வீட்டு ஜெகதாம்பாள் வந்து, குப்பைவண்டியில் எங்கள் வீட்டுப் பை ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று ஒரு மணி நேரம் விசாரித்ததால்.

ஜனவரி 14, புதன்

போகி. பழையன கழிக்கிற நாளில் நான் பழைய பாட்டிலைக் கழித்தேன். சாம்பாருக்கு ரோஸே. வெயிலில் வந்தவனுக்கு மோர் கொடுத்த மாதிரி இருந்தது. துவரம்பருப்பின் கனமும் முருங்கைக்காயின் பெருமையும் அதனிடம் சண்டைக்குப் போகவில்லை. நன்றாகக் குளிர வைக்க வேண்டும் என்பது பாடம்.

மங்கை குடிக்க மாட்டாள். மூடியை மட்டும் முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். இன்று முகர்ந்துவிட்டு, போன தடவை வாங்கியதைவிட இது கொஞ்சம் வறட்சியாக முடிகிறது என்றாள். மூடியிலேயே முடிவுவரை தெரிகிறது அவளுக்கு. மூக்கு அப்படி. இன்னொன்று, பாட்டிலில் வைன் தானாகவே குறைகிறது. திருகு மூடிக்குள்ளும் ஆவியாகும் போலிருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

கருவாட்டுக் குழம்பு. நெத்திலிக் கருவாடு, கத்தரிக்காய், மங்கையின் கை. இந்தக் குழம்புக்காகத்தான் என் அண்ணன் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த வருடத்திலும் பின்வாசல் வழியாக வந்து சாப்பிட்டுப் போனான்.

சிலி நாட்டுச் சிவப்பை ஊற்றினேன். பழைய ஆணியை நக்கின மாதிரி ஆகிவிட்டது. தனியாகக் குடித்தால் நல்ல பிள்ளை, கருவாட்டைக் கண்டதும் இரும்பாகிறது. காரத்தோடு சேர்ந்து காதிலிருந்து புகை வந்தது. மிச்சத்தை மங்கை வாங்கி வைத்துக்கொண்டாள், எறும்புக்கு ஊற்றுவதற்கு என்று.

பக்கிரிசாமியிடம் ஓடினேன். அவர் ஒரு பாட்டிலை எடுத்து, இது கெட்டுப்போச்சு சார், பச்சை வைன்னு போட்டிருக்கு ஆனா பச்சையாவே இல்ல, பாதி விலைக்கு எடுத்துக்குங்க என்றார். போர்த்துகல் நாட்டுச் சரக்கு. 'பச்சை' என்றால் இளசு என்று அர்த்தமாம்; பாட்டிலின் முதுகில் எழுதியிருந்தது. பக்கிரிசாமியிடம் இதைச் சொல்லவில்லை. அவரும் ஒரு நாள் தானாகக் கண்டுபிடிக்க வேண்டாமா?

வீட்டுக்கு வந்து ஊற்றினால், லேசாக நுரைத்தது, எலுமிச்சை மாதிரி வெடுக்கென்று இருந்தது. கருவாட்டின் உப்பைப் பிடித்து, காரத்தைக் குளிப்பாட்டி, கத்தரிக்காயைக் கையைப் பிடித்து அழைத்துப் போனது. போர்த்துகல்காரர்களும் கருவாட்டுக்காரர்கள்தானே; மீனை உப்புப் போட்டுக் காயவைத்து அதை வைத்தே ஆயுசை ஓட்டுகிறவர்கள். சம்பந்தி சொந்தம் விட்டுப் போகாது. மூன்றாவது சுற்றும் முடிந்தது. நான் எழுந்து நின்று சாப்பிட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

பாயசத்துக்குக் கம்பம் பன்னீர் திராட்சை. முதல் முயற்சியிலேயே ஜோடி சேர்ந்துவிட்டது. வெல்லமும் ரோஜா வாசனையும். இது பெரியவர்கள் பார்த்து வைத்த சம்பந்தம்.

மோருக்கு எதுவும் வேண்டாம். மோர் கடவுள்.

மிச்சம் ரசம்தான்.

ஜனவரி 24, சனி

ரசம் எல்லாரையும் கொன்றுவிட்டது. செனினை ஊற்றினால் பச்சைத் தண்ணீர். ரோஸேயை ஊற்றினால் கண்ணாடிக் கோப்பையைக் கழுவின தண்ணீர். பச்சை வைன், புளியும் மிளகும் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடிப்போனது. சிவப்பு பற்றி எழுத விரும்பவில்லை.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். கடை மூடல். நாட்டின் மேல் மரியாதையாக இருந்தேன், வேறு வழியில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

எலுமிச்சை ரசம், மைசூர் ரசம், பூண்டு ரசம், பருப்பு ரசம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பாட்டில். எதுவும் நிற்கவில்லை. சாப்பிட்டு முடித்தபோது நான் ரசத்தில் மிதந்தேன்.

கடைசியில், தொழில் புத்தி, சிக்கலான சர்வே எண்ணைப் பத்திரத்திலிருந்து நீக்கிவிடுவதுபோல, ரசத்தைப் பந்தியிலிருந்தே நீக்கிவிடலாம் என்றேன். தேசிங்கு போர்தோவிலிருந்து வருகிற மனிதர். ஒரு சுற்றில் வைன் உளறினாலும் எல்லாம் போச்சு. ரசம் இல்லையென்றால் யாருக்குத் தெரியப் போகிறது?

மங்கை என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இருந்தால் எனக்குப் பழக்கம். கோபம் இல்லை.

"வைன் இல்லாம பந்தி நடக்கும். ரசம் இல்லாம யாரும் கைகழுவ எழுந்துக்க மாட்டாங்க. உங்க பாட்டில வெச்சிக்கினு நீங்களே பண்ணுங்க. நான் வரல."

ஜனவரி 28, புதன்

தயிர்சாதம்.

ஜனவரி 29, வியாழன்

தயிர்சாதம். ஊறுகாய் கேட்டேன். பார்வையால் பதில் வந்தது.

ஜனவரி 30, வெள்ளி

காலையில் அலுவலகத்துக்கு மனோன்மணி அம்மா போன் செய்தார். தேசிங்கு ஞாயிறன்று வருவதாகச் சொன்னார். பிறகு, பேச்சோடு பேச்சாக, "உங்க வீட்டம்மா போன வாரம் வந்திருந்தாங்களே, சொல்லலியா? சமையலறையைப் பார்த்துட்டுப் போனாங்க. அடுப்பை முந்தானையால அளந்தாங்க சார். எந்த அண்டா எங்க உட்காரும்னு அவங்களே பேசிக்கிட்டாங்க" என்றார்.

எனக்குத் தெரியாது. போன வாரம் அவள் தையல்காரரிடம் போவதாகத்தான் சொன்னாள்.

இன்றைக்கு மூன்று பத்திரத்தில் கிழக்கை மேற்கு என்று எழுதினேன்.

வீட்டுக்குப் போனதும் ரசம் உண்டு என்று சொன்னேன். எந்தப் பாட்டிலும் அதற்குப் பொருந்தவில்லை என்பதைத் தேசிங்குவிடம் நேருக்கு நேர் சொல்லிவிடுகிறேன், அந்தச் சுற்றில் கோப்பை காலியாக இருக்கட்டும், அவர் தலையை இடவலமாக ஆட்டினால் ஆட்டட்டும் என்றேன். அடுப்பைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முட்டைக் குழம்பு இருந்தது.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். பாட்டிலைத் தொடக் கூடாது என்று உத்தரவு. தொடவில்லை. ஆவியாவதும் இன்று நின்றிருக்கிறது.

தேசிங்கு வந்துவிட்டார்.

பிப்ரவரி 4, புதன்

அவரைப் பெரிய மார்க்கெட்டில் பார்த்தேன். ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன் என்று எழுதுவதே நேர்மை. ஒல்லி, வெள்ளைத் தொப்பி, காலில் சாக்ஸ், அதன்மேல் செருப்பு. தக்காளி விற்கும் அம்மாவிடம் ஒரு தக்காளியை எடுத்து மூக்கில் வைத்தார். எடுக்கவேயில்லை. அந்த அம்மா, வாங்குறியா இல்ல தாலி கட்டப்போறியா என்று கேட்டுவிட்டாள். அப்போதும் கண்ணைத் திறக்காமல் இன்னொரு முறை இழுத்தார்.

ஒரு தக்காளியையே இப்படி விசாரிக்கிறவர் என் திருகு மூடிகளை என்ன செய்வார்? வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். மங்கை நெற்றியில் கைவைத்துப் பார்த்து, காய்ச்சல் இல்லை, பயம் என்றாள்.

பிப்ரவரி 7, சனி. இல்லை, எழுதும்போது 8, ஞாயிறு காலை

உட்கார்ந்து வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

பங்களாவின் கூடத்தில் நீள மேசை போட்டு வாழையிலை விரித்திருந்தார்கள். மெழுகுவத்தி வெளிச்சம். கோப்பைகள் மனோன்மணி அம்மாவின் மாமியார் காலத்தவை, தடிப் பச்சைக் கண்ணாடி. உள்ளே ஊற்றியது வெள்ளையா சிவப்பா என்று சத்தியம் செய்தாலும் தெரியாது. வைனின் நிறத்தைப் பார்க்க முடியாதே என்று முனகினேன். இருக்கிறதை வைத்து நடத்துங்கள் என்றார். மேசையின் தலைப்பக்கத்தில் தேசிங்கு. சுற்றிலும் விடுதியில் தங்கியிருந்தவர்கள், அக்கம்பக்கத்துப் பிரமுகர்கள், வாளியில் துப்பிய அந்த டாக்டர்.

ஏற்பாடு இதுதான்: ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் நான் கூடத்துக்கு வந்து வைனைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும், பிறகு உள் அறைக்குப் போய் அடுத்த பாட்டிலைத் திறக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஊற்ற ஆட்கள் இருந்தார்கள். தேசிங்குவுக்கு மட்டும் சோறும் வைனும் மங்கையே பார்த்துக்கொண்டாள். விருந்தின் தலைமகனை வீட்டுக்காரிதான் கவனிக்க வேண்டும் என்றாள். அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். தையல்காரரிடம் போனதும் பொய் இல்லை போலும், ரவிக்கை புதுசு.

முதல் சுற்று. மேற்படி செனின் நாசிக் வட்டத்தைச் சேர்ந்தது, வில்லங்கம் ஏதும் இல்லாதது, பருப்புக்கும் நெய்க்கும் பாத்தியப்பட்டது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தேசிங்கு சிரிக்கவில்லை. கோப்பையைச் சுழற்றினார், முகர்ந்தார், ஒரு மிடறு வாயில் வைத்துக் கண்ணை மூடினார். நான் உள்ளே ஓடிவிட்டேன்.

மங்கை வந்து தகவல் சொன்னாள். மிளகு தெரிகிறது என்றாராம். செனினில் மிளகு. நான் தேன் என்றல்லவா நினைத்திருந்தேன்! முப்பது வருடம் போர்தோவில் இருந்த நாக்குக்கும் முத்திரைத்தாளை எச்சில் தொட்டுப் புரட்டுகிறவன் நாக்குக்கும் வித்தியாசம் இருக்காதா?

இரண்டாவது சுற்று, சாம்பாரும் ரோஸேயும். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். தேசிங்கு பக்கத்திலிருந்த டாக்டரிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். மங்கை கொண்டுவந்த செய்தி: வெயிலில் பழுத்த தக்காளி, அடியில் மண்வாசனை, கிட்டத்தட்டப் பெருங்காயம் மாதிரி. டாக்டரும் தன் ரோஸேயைக் குடித்துப் பார்த்து, ஆமாம், பெருங்காயம் லேசாகத் தெரிகிறது என்று ஒத்துக்கொண்டாராம். பெரிய வைன்காரர்கள் குதிரைச் சேணம், பென்சில் சீவல் என்றெல்லாம் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பெருங்காயம் அதற்கு எவ்வளவோ மேல்.

மூன்றாவது சுற்று, கருவாடும் போர்த்துகல் பச்சையும். தொண்டையில் இறங்கும்போது இதமாக இருக்கிறது என்று சொல்லி மறுபடி கோப்பையை நீட்டினாராம். குளிர வைத்த வைன் எப்படி இதமாக இருக்கும் என்று ஒரு கணம் யோசித்தேன். கருவாட்டுக் காரம் அப்படிச் செய்யும். மேலும் ஒரு கோப்பை கேட்டார் என்று மங்கை சொன்னபோது நான் உள் அறையில் தனியாக ஒரு சின்ன நடனம் ஆடினேன். ஐஸ்பெட்டி மட்டும்தான் சாட்சி.

நாலாவது. ரசம். நான் வெறுங்கையோடு கூடத்துக்கு வந்தேன். பேச்சை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது. இந்தச் சுற்றுக்கு வைன் கிடையாது, ஒரு மாதமாகத் தேடினேன், என் மனைவியின் ரசத்துக்கு முன்னால் எந்தப் பாட்டிலும் நிற்கவில்லை, ரசத்தை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன், முடியாது என்றாள், அவள் சொன்னதுதான் சரி என்றேன்.

தேசிங்கு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். கோப்பையை மங்கை இருந்த பக்கம் உயர்த்தினார்.

"முப்பது வருஷம் வைன் வித்தேன். விக்கிறவன் வாயிலேருந்து இப்படி ஒரு உண்மைய இப்பத்தான் கேக்குறேன். அக்கா, சனிக்கிழமைய இந்தத் தங்கச்சிகிட்ட குடுத்துடு."

மங்கை தலையைக் குனிந்துகொண்டு அடுத்த இலைக்கு ரசம் விட்டாள். கரண்டியை வழிய வழிய மொண்டிருந்ததால் பக்கத்தில் வடையின் மேலும் விழுந்தது. அந்த இலைக்காரர் அதை ரசவடை என்று நினைத்து இன்னொன்று கேட்டார்.

பாயசம், பன்னீர் திராட்சை எல்லாம் நடந்தன. எனக்கு அவ்வளவாக நினைவில்லை. திறந்த பாட்டில்களில் மிஞ்சியதை வீணாக்கக் கூடாது என்ற நம் மரபுப்படி நானே பார்த்துக்கொண்டேன். இந்தத் தடவை பாட்டிலிலிருந்து.

பிப்ரவரி 9, திங்கள்

எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு தடவை. பக்கிரிசாமியிடம் தேசிங்கு சொன்ன வர்ணனைகளை விளக்கினேன். அவர் உடனே செனின் பாட்டிலை எடுத்து 'மிளகு' என்று சீட்டு எழுதி ஒட்டினார். ஜெகதாம்பாள் வந்து, இனி சனிக்கிழமை நீங்கள் தனியாகச் சாப்பிட வேண்டுமே என்று கவலைப்பட்டாள். நான்தான் வைன் நிபுணன், நானும் போக வேண்டும் என்றேன். அப்படியா, மங்கை ஒன்றும் சொல்லவில்லையே என்றாள். இந்தத் தெருவில் ஒருவனை வளரவிட மாட்டார்கள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

முதல் சனிக்கிழமைக்கு இலைகள் நிரம்பிவிட்டன. மங்கை அண்டாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 12, வியாழன்

தேசிங்கு நேற்று விமானம் ஏறிவிட்டார். இன்று காலை மங்கை ரசப்பொடிக்கு மிளகு வறுத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் உட்கார்ந்து, இனிமேல் அந்தச் செனினுக்கு மிளகு வாசனை உண்டு என்று அறிவிப்பு அட்டையில் போட வேண்டும், நிபுணரின் வாக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போகட்டும் என்றுதான் காத்திருந்தேன் என்று ஆரம்பித்தாள். வறுப்பதை நிறுத்தவில்லை.

அன்றைக்கு இலையில் உட்கார்ந்ததுமே அவர் அவளைக் கிட்டே கூப்பிட்டுக் காதில் சொன்னாராம்: "தங்கச்சி, கல்லீரல் போச்சு, வைன் தொட்டு நாலு வருஷம் ஆச்சு. அக்காவுக்குத் தெரியாது. கிளாஸ் மட்டும் காலியா இருக்கக் கூடாது."

முதல் சுற்றிலிருந்தே அவள் ஊற்றியது, ஆறவைத்த தெளிவு ரசம்.